சர்க்கரைப் புண்ணுக்கு இலைத் தைலம் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, நாள்பட்ட சர்க்கரை. வாழைத் தோட்டத்தில் ஏதோ குத்தி, பெருவிரலுக்கு அடியில் வந்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. குற்றாலத்தில் வாங்கிய துளசித் தைலமும் கற்பூரவல்லித் தைலமும் வீட்டில் இருக்கின்றன. கிருமியைக் கொல்லும், ஆன்டிஆக்ஸிடன்ட்டும்கூட என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் போடலாமா? வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: போட வேண்டாம்மா. மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

தைலம் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. துளசியில் உள்ள யூஜினால், கற்பூரவல்லியில் உள்ள கார்வக்ரால் என்ற வேதிப்பொருள்கள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்துவிடும். ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டில் தைலம் நனைத்த காகித வில்லையை வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத வட்டம் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தட்டில் சீழ் கிடையாது, செத்த தசை கிடையாது. கால் புண்ணில் குடியேறும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, பல தைலங்கள் அதனிடம் தோற்றுப்போகும். ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை என்பது பெரும்பாலும் ஊதாக் கரைசல் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்ப்பதுதான். அதை வைத்துப் புண் ஆறும் என்று சொல்ல முடியாது.

என் பெரிய கவலை வேறு. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். எதிலும் கலக்காத தைலம் தோலைப் பொத்துப்போக வைக்கும். நமக்கென்றால் சுரீரென்று எரியும், உடனே கழுவிவிடுவோம். அப்பாவுக்கு எரியவே எரியாது. "ஒண்ணும் செய்யலைம்மா" என்றுதான் சொல்வார். மறுநாள் கட்டைப் பிரித்தால் புண்ணின் ஓரம் வெளுத்து ஊறிப்போய், புண் இன்னும் அகலமாகியிருக்கும்.

குடிக்கவும் வேண்டாம். இரண்டு சொட்டில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது எந்தக் கிருமிக்கும் போதாது. அப்புறம், வீட்டில் யூகலிப்டஸ் தைலம் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? சலைனில் கழுவி, சுத்தமான காஸ் வைத்து மூடுங்கள். அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள். தோட்டத்துக்குக் கொஞ்ச நாள் வேறு யாராவது போகட்டும். மூன்று வாரம் ஆறாத புண் எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காலின் ரத்த ஓட்டம், சர்க்கரை அளவு, டெட்டனஸ் ஊசி எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். காய்ச்சல், கெட்ட வாடை, விரல் கறுப்பது, சிவப்பு மேலே ஏறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.