மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் விருந்தினர் இயக்குதளம், அந்த இயந்திரத்தை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசருடன் எப்படிப் பேசுகிறது? புராசஸர் மாறினால் முறையும் மாறுமா?

அழைக்கும் ஆணை மாறும். பேச்சின் பெரும்பகுதி மாறாது.

சாதாரண நிரல் கர்னலை (இயக்குதளத்தின் மையப் பகுதியை) அழைக்க சிஸ்டம் கால் இருப்பதுபோல, விருந்தினர் கர்னல் ஹைப்பர்வைசரை அழைக்க ஹைப்பர்கால் இருக்கிறது. இன்டெலில் அதற்கான ஆணை விஎம்கால், ஏஎம்டியில் விஎம்எம்கால், 64 பிட் ஆர்மில் எச்விசி, ரிஸ்க்-ஃபைவில் ஈகால். ஐபிஎம் மெயின்ஃபிரேமில் பழைய டயக்னோஸ் ஆணையே இந்த வேலையையும் பார்க்கிறது.

இவை கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைப்பதோடு சரி. எந்த ரெஜிஸ்டரில் (புராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) எதை வைப்பது என்பது ஹைப்பர்வைசரை எழுதியவர்கள் போட்ட ஒப்பந்தம். அதனால் புராசஸர் ஒன்றாகவே இருந்தாலும் வழக்கம் வேறுபடும். ஆர்மில் அழைப்பு எண்ணை, லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் எக்ஸ்0 ரெஜிஸ்டரில் எதிர்பார்க்கிறது, ஸென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசர் எக்ஸ்16-இல் எதிர்பார்க்கிறது. எனவே கீழே இருப்பது யார் என்று விருந்தினர் முதலில் விசாரிக்க வேண்டும். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி வகையில்) புராசஸரின் விவரம் சொல்லும் சிபியுஐடி ஆணையைப் பதினாறடிமான 40000000 என்ற எண்ணுடன் கேட்டால், கேவிஎம் தன் பெயரையே மூன்று முறை சொல்லிக்கொள்ளும்.

இன்டெலுக்கென்று விஎம்கால் எழுதிய கர்னலை ஏஎம்டியில் ஓட்டினால்? அது அங்கே செல்லாத ஆணை. கேவிஎம் அதைப் பிடித்து, விருந்தினரின் நினைவகத்திலேயே சரியான ஆணையாகத் திருத்தி எழுதிவிடும். இந்த உபகாரம் எனக்குப் பிடிப்பதில்லை. கர்னல் தன் நிரல் பகுதியை எழுதத் தடைசெய்து வைத்திருந்தால், திருத்தும் முயற்சியே புதுப் பிழையாகிவிடும். இப்போது இதை அணைத்துவைக்க வழி இருக்கிறது.

வட்டு, நெட்வொர்க் போன்ற கனமான போக்குவரத்து ஹைப்பர்கால் வழியாகப் போவதில்லை. அங்கே விர்ட்டியோ என்ற பொதுவான மெய்நிகர் சாதன முறை. இரு தரப்பும் பார்க்கக்கூடிய நினைவகத்தில் ஒரு வளைய வரிசை இருக்கும். விருந்தினர் அதில் வேலையைப் போட்டுவிட்டு, பெரும்பாலும் சாதனத்தின் ஒரு முகவரியில் எழுதி "பார்" என்று அறிவிக்கும். மறுபக்கம் முடித்ததும் இன்டெரப்ட் வரும். இந்த வளையத்தின் அமைப்பு எல்லா புராசஸரிலும் ஒன்றே. பழைய விர்ட்டியோவில் விருந்தினரின் பைட் வரிசையே (ஓர் எண்ணின் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்பதே) செல்லுபடியானது. இரு வரிசையிலும் ஓடக்கூடிய பவர் புராசஸரில் அது பெருந்தலைவலி. 1.0 பதிப்பு எப்போதும் லிட்டில் எண்டியன் (சிறிய முனை முதலில்) என்று தீர்த்துவைத்தது.

அந்த முகவரியில் எழுதும் இடத்தில் புராசஸரின் குணம் மறுபடி தலைகாட்டும். ஹைப்பர்வைசர் குறுக்கிட்டு, எழுதப்பட்ட மதிப்பு என்ன என்று அறிய வேண்டும். எக்ஸ்86-இல் பெரும்பாலும் விருந்தினரின் ஆணையையே படித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது; கேவிஎம்முக்குள் இதற்கென்றே, ஆணைகளை மென்பொருளில் செய்துகாட்டும் ஒரு பெரிய எமுலேட்டர் உண்டு. ஆர்மில் எந்த ரெஜிஸ்டர், எத்தனை பைட் என்பதை வன்பொருளே சொல்லிவிடும். ஆனால் எளிய ஆணைகளுக்கு மட்டும்தான். இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்த்து எழுதும் ஆணையோ, எழுதியபின் முகவரியையும் நகர்த்தும் ஆணையோ வந்தால் அந்தத் தகவல் கிடைக்காது. சொந்தமாகச் சிறு கர்னல் எழுதுகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள்: உண்மையான பலகையில் ஒழுங்காக ஓடிய டிரைவர், கம்பைலர் தேர்ந்த ஓர் ஆணையால் மெய்நிகர் இயந்திரத்தில் நின்றுவிடும். லினக்ஸ் சாதனங்களில் எழுதும் நிரலை, ஆணையை நேரடியாகக் குறிப்பிடும் அசெம்பிளியில் கட்டிவைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹைப்பர்வைசரிடமிருந்தே விருந்தினரைக் காக்கும் ஏஎம்டியின் எஸ்இவி-ஈஎஸ் முறையில் விருந்தினரின் ரெஜிஸ்டர்களே மறையாக்கப்பட்டிருக்கும். ஹைப்பர்வைசரால் எட்டிப்பார்க்க முடியாது. அங்கே விருந்தினர் தான் காட்ட விரும்பும் மதிப்புகளை மட்டும் பகிர்ந்த ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு அழைக்கிறது.

உங்கள் கணினியில் எந்தக் காரணத்துக்காக எத்தனை முறை வெளியேற்றம் (விருந்தினரிடமிருந்து ஹைப்பர்வைசருக்குக் கட்டுப்பாடு தாவுவது) நடக்கிறது என்று பார்க்க, லினக்ஸில் பெர்ஃப் கருவியின் கேவிஎம் ஸ்டாட் கட்டளையை ஓடவிடுங்கள். ஹைப்பர்கால் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்க வாய்ப்பு குறைவு.