ஆதார் நகலை அனுப்பிவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, ஆதார், பான் அட்டைகளின் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதாரைக் கையில் பிடித்தபடி எடுத்த படம், வெள்ளைத்தாளில் இட்ட கையொப்பம் ஆகியவற்றை அனுப்பினேன். பிறகு பதிவுக் கட்டணமாக 1,850 ரூபாய் கேட்டார்கள். சந்தேகப்பட்டுக் கட்டவில்லை. இப்போது ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். என் கணக்கில் உள்ள பணம் போய்விடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கணக்கு எண் தெரிந்துவிட்டதால் மட்டும் பணத்தை எடுத்துவிட முடியாது. ஓடிபி, கடவுச்சொல், யுபிஐ பின் எண் ஆகியவற்றில் எதையாவது சொல்லியிருந்தால் மட்டும், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கியை அழையுங்கள். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஆதாருடன் உங்கள் முகமும், அருகிலேயே கையொப்பமும் இருப்பதால், உங்கள் பெயரில் சிம் அட்டை வாங்கவும், செயலிகளில் கடன் எடுக்கவும், பிறரை ஏமாற்றிய பணத்தைக் கடத்தக் கணக்குத் தொடங்கவும் அவர்கள் முயலக்கூடும்.

பயத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இதுதான். அந்த எண், வந்த செய்திகள், பணம் கேட்ட கணக்கின் விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எண்ணைத் தடை செய்யுங்கள். அவற்றை இணைத்துத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளித்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பணம் இழந்தவர்களாயின் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உங்களுக்கு இழப்பு இல்லையென்றாலும், நாளை உங்கள் பெயரில் யாரோ வாங்கிய கடனுக்கு வசூல்காரர் வந்து நிற்கும்போது, இன்றைய தேதியிட்ட இந்தப் புகாரே உங்கள் பக்கம் பேசும்.

அடுத்து, ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரிலுள்ள கைபேசி எண்களைப் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அது உங்களுடையதன்று என்று அங்கேயே தெரிவிக்கலாம்.

கடன் விஷயத்துக்கு, ஒவ்வொருவரின் கடன் விவரங்களையும் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல், சில மாதங்களுக்கு ஒரு நிறுவனமாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் புகார் நகலுடன் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

நடந்ததை எழுதி வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தெரியாத பணம் கணக்கில் வரவானால் எடுக்கவும் கூடாது, யார் கேட்டாலும் அனுப்பவும் கூடாது. உடனே வங்கியிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறொருவர் அளித்த புகாரில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம்.

வழக்கு மிரட்டலுக்குப் பதில் எழுத வேண்டாம். பணம் கட்டினால் வழக்கு நின்றுவிடும் என்று எந்த நீதிமன்றமும் வாட்ஸ்அப்பில் அழைத்துச் சொல்வதில்லை. உங்கள் பெயரைச் சொல்லி உறவினர்களிடமும் அவர்கள் பணம் கேட்கலாம் என்பதால், நடந்ததை இன்றிரவே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வேலை தேடியதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அம்மா.