சின்ன வண்டி, நீள ரோடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 100 சிசி வண்டியிலயே சென்னையில இருந்து தனுஷ்கோடி போயிட்டு வந்தத எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "வண்டி தாங்குமா?"ன்னு. தாங்கும்ங்க, ஆனா அது போற வேகத்துக்கு நம்ம பிளான மாத்திக்கணும். பெரிய வண்டிக்காரன் போட்ட பிளான இதுல வெச்சு ஓட்டுனாதான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

என்கிட்ட 2013 மாடல் ஸ்ப்ளெண்டர் இருக்கு. திருப்பூர்ல இருந்து ஹைதராபாத் வரைக்கும் தனியா ஓட்டிட்டு போகணும்னு ரொம்ப நாள் ஆசை. 50 கி.மீ.க்கு ஒரு தடவ நிறுத்தி இன்ஜின ஆற விடணும், இல்லன்னா உள்ள இறுகிப்போய் சீஸ் ஆயிடும்னு கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க. நெஜமா?
– பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்

இல்லங்க தம்பி. இந்த இன்ஜின் காத்துல ஆறுற இன்ஜின், சிலிண்டர சுத்தி வரிவரியா ஃபின் இருக்கே அதுல காத்து பட்டாலே சூடு எறங்கிடும், ஹைவேல 55, 60ல போறப்ப எதிர்காத்து நல்லா அடிச்சுட்டே இருக்கும். சொல்லப்போனா சிட்டி சிக்னல்ல நின்னுட்டு உறுமுறப்பதான் அதுக்கு மூச்சு முட்டும். அந்த ஃபின் நடுவுல சேறு காஞ்சு அடைச்சிருந்தா மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி பிரஷ் போட்டு கழுவி எடுத்துருங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்க, அது உங்க இடுப்புக்கும் கண்ணுக்கும்தான்.

சீஸ் ஆகுறது பெரும்பாலும் ஆயில்னால. உங்க வண்டியில இருக்குறது மொத்தமே ஒரு லிட்டர் பக்கம்தான் ஆயில், வண்டிக்கும் பத்து வயசு தாண்டியாச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். தினமும் காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது சமமான தரையில சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயில் அளவு பாக்குற குச்சி இருக்கே டிப்ஸ்டிக், அத கழட்டுங்க, துணியில துடைங்க, திரும்ப வைக்கும்போது மரை சுத்தாம சும்மா உள்ள விட்டு எடுத்து பாருங்க. நெறைய பேரு சுத்தி மூடிட்டு பாக்குறாங்க, அப்ப குச்சி இன்னும் உள்ள எறங்கி ஆயில் நெறைய இருக்குற மாதிரி காட்டும். கீழ் கோட்டுக்கு பக்கத்துல வந்துட்டா அன்னைக்கே ஊத்திடுங்க, கொண்டு போற பையில அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு கெடக்கட்டும்.

அடுத்து வேகம். உங்க வண்டிக்கு மொத்தமே 8 குதிரை சக்தி. 60ல போறப்ப காத்த கிழிக்க எவ்ளோ சக்தி வேணுமோ, 80ல போனா அதுபோல ரெண்டே கால் மடங்குக்கு மேல வேணும், அதனால ஆக்ஸிலேட்டர முழுசா முறுக்கிட்டே போற மாதிரி ஆகும், பெட்ரோலும் காலி, கையும் மரத்துப்போகும். 60 தாண்டாதீங்க. டீ, சாப்பாடு எல்லாம் சேத்தா மணிக்கு 40, 45தான் வரும், அப்ப ஒரு நாளைக்கு 300 கி.மீ. போதும். ஹைதராபாத் 900 கி.மீ. பக்கம் வரும், மூணு நாள்னு வெச்சுக்குங்க. மொத நாள் ஓசூர்ல தங்கிட்டா மறுநாள் விடிகாலையில பெங்களூர் டிராஃபிக் தொடங்குறதுக்குள்ள தாண்டிடலாம். போறப்ப தொப்பூர் கணவாய் ஏத்தம், அது ஒண்ணும் பண்ணாது. திரும்பி வர்றப்ப அதே இடம் எறக்கம், லோடு லாரியெல்லாம் பிரேக் சூடாகி தடுமாறுற இடம் அது, பின்னாடி லாரி வந்தா ஓரம் கட்டி விட்டுருங்க, தயவுசெஞ்சு முன்னாடி போய் மாட்டிக்காதீங்க.

எம்பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். நாலு பசங்க சேர்ந்து சென்னையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் 100 சிசி, 125 சிசி வண்டியில போறாங்களாம், ராத்திரி கிளம்பினா காலையில சேந்துடலாம்னு சொல்றான். எனக்கு தூக்கமே வரல. அனுப்பலாமா?
– ஒரு அம்மா, விழுப்புரம்

அனுப்புங்கம்மா, ஆனா ராத்திரி மட்டும் வேணவே வேணாம். இதுல நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மாதிரி வண்டியில நெறையதுக்கு ஹெட்லைட் 35 வாட்ஸ் பல்புதான், எதிர்ல பஸ் ஹை பீம் போட்டு வந்துட்டா நம்ம வெளிச்சம் இருக்குற எடமே தெரியாது, ரோட்டு ஓரமா லைட்டு இல்லாம நிக்கிற லாரி கண்ணுல படுறதுக்குள்ள உங்க பையன் அது பக்கத்துலயே போயிருப்பான். காலையில அஞ்சரைக்கு கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரூம்ல இருக்கணும்னு சத்தியம் வாங்கிட்டு அனுப்புங்க.

மொத்தம் 700 கி.மீ. வரும். மொத நாள் திருச்சி, ரெண்டாம் நாள் மதுரை தாண்டி கோவில்பட்டி இல்ல திருநெல்வேலி, மூணாம் நாள் காலையில கன்னியாகுமரி. டோல்கேட்ல டூவீலருக்கு காசு கெடையாது, ஓரமா இருக்குற வழியில போயிடலாம்.

இன்னொண்ணு, ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள போனா காவல்கிணறு பக்கம், அதுலயும் நாகர்கோவில் ரோட்டுல திரும்பி முப்பந்தல், ஆரல்வாய்மொழின்னு போனா காத்து பயங்கரமா இருக்கும். காத்தாடி ஆயிரக்கணக்குல நட்டு வெச்சிருக்காங்கன்னா சும்மாவா. மேற்குத்தொடர்ச்சி மலை நடுவுல இருக்குற கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வர்ற காத்து அது, 110 கிலோ வண்டிய சட்டுனு ஒரு முழம் தள்ளி விட்ரும். நான் போனப்ப ஒரு லாரிய ஒட்டி போயிட்டு இருந்தேன், லாரி மறைப்புல காத்தே தெரியல, அத தாண்டி வெளிய வந்த செகண்டு வண்டி பக்கத்து லேனுக்கு போயிருச்சு. பின்னாடி யாரும் வரல, அதனால இன்னைக்கு எழுதிட்டு இருக்கேன். 40க்கு கொறைச்சு, உடம்ப குனிஞ்சு, ஹேண்டில்பார இறுக்கி புடிக்காம ஓட்டணும்னு பையன்கிட்ட சொல்லுங்க. இறுக்கி புடிச்சா நம்ம கை உதறல் வண்டிக்கும் போகும்.

எக்ஸ்எல் 100ல கொல்லிமலை ஏற முடியுமா சார்?
– காய்கறி வியாபாரி, நாமக்கல்

ஒத்த ஆளா லோடு இல்லாம போனா ஏறும், மெதுவா ஏறும். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி, எறங்குறப்பதான் யோசிக்கணும். கியர் வண்டின்னா ரெண்டாவது கியர்ல போட்டு விட்டா இன்ஜினே வண்டிய புடிச்சுக்கும், உங்க வண்டியில கியர் மாத்துற வேலையே கெடையாது, அதனால முழு பாரமும் டிரம் பிரேக்குக்குத்தான் போகும். தொடர்ந்து அழுத்தி புடிச்சுட்டே வந்தா சூடாகி கொஞ்ச நேரத்துல பிரேக் புடிக்காது. விட்டு விட்டு புடிங்க, பத்து வளைவுக்கு ஒரு தடவ நின்னு டிரம் பக்கத்துல கைய கொண்டு போய் பாருங்க, அனல் அடிச்சா கால் மணி நேரம் உக்காந்துட்டு வாங்க. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டுற பழக்கம் இருந்தா அத இங்க செய்யவே கூடாது.

வழியில ரிப்பேர் ஆனா என்ன பண்றது? என்னென்ன எடுத்துட்டு போகணும்?
– தனியார் பள்ளி ஆசிரியை, கரூர்

மேடம், 100 சிசி வண்டியோட பெரிய பலமே அதுதான், எந்த கிராமத்து மெக்கானிக்குக்கும் கண்ண கட்டி விட்டாலும் பிரிச்சு மாட்ட தெரியும், ஸ்பேரும் சின்ன ஊர்லயே கெடைக்கும். இருந்தாலும் ஒரு ஸ்பார்க் பிளக், அத கழட்டுற ஸ்பேனர், ஒரு கிளட்ச் கேபிள், ஸ்போக் வீலா இருந்தா ஒரு ட்யூப் எடுத்துக்குங்க. ட்யூப் எதுக்குன்னா சாதா பஞ்சர்னா ஒட்டிடலாம், வால்வு அடியில பிஞ்சுட்டா எந்த பஞ்சர் கடையிலயும் ஒட்ட முடியாது. புது கிளட்ச் கேபிள பையில வைக்காம, பழைய கேபிள் கூடவே ஒட்டி டேப் சுத்தி விட்ருங்க, அறுந்தா ரெண்டு முனையையும் மாட்டுனா போதும்.

அப்புறம் செயினோட ரெண்டு முனையையும் சேத்து புடிக்கிற செயின் லாக். இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவ டூருக்கு முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல புது செயின் போட்டேன், வாணியம்பாடி தாண்டினதும் டக்குனு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துது வண்டி நகரல. பாத்தா லாக் பறந்து போய் செயின் கவருக்குள்ள சுருண்டு கெடக்கு. லாக் கிளிப்ப தலைகீழா மாட்டியிருக்காங்க. அந்த கிளிப் மீன் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் பொளந்து இருக்கும், மூடின பக்கம்தான் செயின் ஓடுற தெசைய பாக்கணும். செயினோட மேல் பக்கம் முன்னாடி பாத்து ஓடும், அப்ப மூடின பக்கமும் முன்னாடி இருக்கணும். செயின் கவர்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும் பாருங்க, அத எடுத்துட்டு நியூட்ரல்ல சக்கரத்த கையால சுத்துனா லாக் அந்த ஓட்டைக்கு நேரா வரும். ரெண்டு நிமிஷ வேலை மேடம், கண்டிப்பா பாத்துட்டு கிளம்புங்க.

கார்புரேட்டர் வெச்ச 100 சிசி வண்டியில லடாக் போகணும். மனைவியும் பின்னாடி வர்றேங்கிறாங்க. முடியுமா?
– லேத் பட்டறை வெச்சிருக்குறவர், கோவை

வண்டி போகும் சார், ரெண்டு பேரோட போறதுதான் கஷ்டம். லடாக்ல இருக்குற கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர், அங்க காத்தோட அழுத்தம் நம்ம ஊர்ல பாதிதான் இருக்கும், அதனால உங்க 8 குதிரையில நாலுதான் அங்க வேலை செய்யும், ஏத்தத்துல மேடம் எறங்கி நடக்க வேண்டி வரும், அந்த உயரத்துல நடக்குறது லேசு கெடையாது. இன்ஜினுக்கு பெட்ரோலும் காத்தும் கலந்து விடுற கார்புரேட்டருக்கு அங்க காத்து கம்மின்னு தெரியாது, அது பாட்டுக்கு பெட்ரோல அதே அளவுல விடும், கரும்புகை வரும், பிளக் கரி புடிக்கும். அதுல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை இருக்குற மெயின் ஜெட்ட ஒரு சைஸ் சின்னதா மாத்தலாம், ஆனா கீழ எறங்குனதும் மறக்காம பழைய ஜெட்ட போட்ருங்க, இல்லன்னா பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடாகும். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 புகை விதி வந்ததுக்கப்புறம் வந்த வண்டி பெரும்பாலும் காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல அளந்து விடுற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், இந்த கரி தொல்லை அதுல இல்ல, சக்தி கொறையுறது மட்டும் அதுக்கும் உண்டு.

உங்க வண்டி ஜெயிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. மணாலி – லே ரோட்டுல தாண்டின்னு ஒரு ஊர் பங்க்ல, அடுத்த பங்க் 365 கி.மீ.ன்னு போர்டே வெச்சிருந்தாங்க. பெரிய வண்டிக்காரங்க அங்க கேன்ல பெட்ரோல் புடிச்சு கட்டிட்டு போவாங்க, உங்களுக்கு பத்து லிட்டர் டேங்க்ல மைலேஜ் 45க்கு எறங்குனாகூட போய் சேந்துடலாம்.

எனக்கு கேட்டா, வண்டிய ரயில்ல பார்சல் போட்டு சண்டிகர் வரைக்கும் அனுப்பிட்டு (டேங்க்ல பெட்ரோல் சுத்தமா இருக்கக்கூடாது, ஆர்.சி. காப்பி கேப்பாங்க) அங்க இருந்து நீங்க ஓட்டுங்க, மேடம் விமானத்துல லே வந்துடட்டும். லே 3,500 மீட்டர், ரெண்டு பேரும் ரெண்டு நாள் எங்கயும் போகாம ரூம்லயே இருங்க. தலைவலி, வாந்தி வந்து அது ஏறிட்டே போச்சுன்னா மாத்திரைய போட்டுட்டு மேல போறது தப்பு, கீழ எறங்கணும். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்டா மாத்திக்குங்க.

பெங்களூர்ல இருந்து மைசூருக்கு 125 சிசி ஸ்கூட்டர்ல போகலாம்னு இருக்கேன். ரோடு எப்படி?
– ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், ஓசூர்

ரோடு அருமையா இருக்கு ஐயா, ஆனா 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அந்த புது எக்ஸ்பிரஸ்வேயோட நடுவுல இருக்குற மெயின் ரோட்டுல டூவீலருக்கு அனுமதி இல்ல, சர்வீஸ் ரோட்டுலதான் போகணும். எனக்கு அத விட கனகபுரா, மளவள்ளி வழியா போறதுதான் பிடிக்கும். அப்புறம், கொண்டு போற பைய கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயித்துல கட்டாதீங்க, பழைய சைக்கிள் ட்யூப நீளமா வெட்டி கட்டுங்க, எவ்ளோ குதிச்சாலும் அவுராது.