அப்போ அது பொய்யா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். விண்வெளி பற்றி நீங்கள் எழுதுவதை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வந்த அன்று, இரவெல்லாம் தூங்காமல் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பித்து மகளுக்கும் தொற்றிவிட்டது. பதினொரு வயது. காலையில் எழுந்ததும், "இன்னிக்கு வானத்துல என்ன நியூஸ்ப்பா?" என்றுதான் கேட்பாள்.

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பதற்கான தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்ததல்லவா? "வேற ஒரு கோள்ல உயிர் இருக்காம், கண்டுபிடிச்சுட்டாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். சில வாரங்கள் கழித்து, அது உறுதியில்லை, மற்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை என்று படித்தேன். மறைக்க மனம் வராமல் அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அப்போ அது பொய்யாப்பா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு முன் ஒரு சிறுகோள் பூமியில் மோதப்போகிறது என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். 3ஐ/அட்லஸ் வேற்றுக்கிரகவாசிகளின் கலம் என்று பேச்சு கிளம்பியது, கடைசியில் வால்மீன்தான் என்றார்கள். இப்படி ஏறி ஏறி இறங்கி எனக்கே அலுப்புத் தட்டிவிட்டது. மகளின் ஆர்வமும் இப்படியே வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் சொன்னது ஒன்று, அவள் காதுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று.

கே2-18பி 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பூமியைவிட எட்டு மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. அதன் காற்றை யாரும் நேரில் பார்க்கவில்லை. அந்தக் கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்துபோகும்போது, விண்மீனின் ஒளியில் மிக மிகச் சிறிய ஒரு பங்கு, கோளின் காற்று விளிம்பை ஊடுருவிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. காற்றில் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று உள்ள அலைநீளங்களில் ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் மேடுபள்ளத்தை வைத்து அங்கே என்ன இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, வெப் தந்த கோட்டை வைத்து, அங்கே டைமெத்தில் சல்ஃபைடோ அதன் நெருங்கிய உறவான டைமெத்தில் டைசல்ஃபைடோ இருக்கலாம் என்றது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடு பெரும்பாலும் கடலில் வாழும் நுண்பாசிகளால் உண்டாகிறது. அதனால்தான் அத்தனை பரபரப்பு.

அந்தக் குழு இதோடு ஒரு எண்ணையும் சேர்த்தே சொன்னது. இந்த மேடுபள்ளம் தற்செயலாக அமைந்திருக்க 0.3 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது அந்த எண். கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்க அந்த வாய்ப்பு 0.00006 சதவீதத்துக்கும் கீழே போக வேண்டும். அதற்கு வெப் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் அந்தக் கோளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் அவர்களே சொன்னார்கள். பிறகு மற்றவர்கள் அதே தரவை எடுத்து, வேறு முறைகளில் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த மேடுபள்ளம் அளவீட்டில் தற்செயலாகச் சேரும் வெறும் இரைச்சலாகவே இருக்கலாம் என்றார்கள். அதோடு, இந்த டைமெத்தில் சல்ஃபைடு 67பி என்ற வால்மீனிலும் இருந்ததை 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ரொசெட்டா விண்கலம் அதன் அருகிலேயே இருந்து எடுத்த அளவீடுகளில் கிடைத்த சான்று அது. வால்மீனில் பாசி ஏது?

வழியில் தொலைந்துபோனது அந்த எண்தான். தலைப்புப் போட்டவர் அதை விட்டுவிட்டார், பகிர்ந்தவர்களும் விட்டுவிட்டார்கள். நீங்கள் மகளிடம் சொல்லும்போது உங்கள் கையில் அது இல்லவே இல்லை. "எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் சொன்னார்கள், நான் உன்னிடம் பாதியைத்தான் சொன்னேன்" என்று அவளிடம் சொல்லுங்கள். பதினொரு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

சிறுகோள் விஷயம் எனக்கு இன்னும் பிடித்தமானது. 2024 ஒய்ஆர்4 என்ற அந்தச் சிறுகோள் 2024 டிசம்பர் 27 அன்று கண்ணில் பட்டது. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத வாய்ப்பு ஒரு சதவீதம் என்றார்கள், பிறகு இரண்டு என்றார்கள், 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம். அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான். அடுத்த சில நாட்களில் அது ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனது. பார்த்தவர்களுக்கு, முதலில் பயமுறுத்திவிட்டுப் பிறகு கைகழுவிவிட்டதாகத் தோன்றியிருக்கும். நடந்தது அதுவல்ல. ஒரு சிறுகோளைச் சில இரவுகள் மட்டும் பார்த்துவிட்டு எட்டு ஆண்டுகள் கழித்து அது எங்கே இருக்கும் என்று கேட்டால், ஒரு புள்ளி கிடைக்காது, மிக நீளமான ஒரு பட்டை கிடைக்கும். "இந்தப் பட்டைக்குள் எங்கோ இருக்கும்" என்பதுதான் பதில். பூமி அந்தப் பட்டைக்குள் ஒரு சிறு புள்ளி. மேலும் மேலும் பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் அதற்குள்ளேயே இருந்தால், சுருங்கிய பட்டையில் பூமியின் பங்கு கூடும், எண்ணும் ஏறும். இன்னும் ஒரு சுற்றுச் சுருங்கும்போது பூமி வெளியே விழுந்துவிட்டால் எண் சட்டென்று சரியும். ஏறியதும் இறங்கியதும் ஒரே கணக்குதான். ஒரு நீளக் காகிதத்தில் புள்ளி ஒன்று வைத்து, இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்து மகளுக்குக் காட்டுங்கள். புள்ளி தப்பித்து வெளியே விழும் வெட்டு வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

3ஐ/அட்லஸ் பற்றி ஒன்றே ஒன்று. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நமக்குத் தெரிந்த மூன்றாவது பொருள் அது. வேறொரு விண்மீனின் அருகே உறைந்த பனி, நம் கோள்களுக்கு நடுவே புகுந்து போயிருக்கிறது. கலம் என்ற வதந்தியைவிட இந்த உண்மை எனக்குப் பெரியதாகப் படுகிறது.

இனி உங்கள் அலுப்பு. நான் செய்வதைச் சொல்கிறேன். தினச் செய்திகள் எல்லாவற்றையும் துரத்துவதை விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு விண்கலங்களை மட்டும், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளை விசாரிப்பதுபோல, வருஷக்கணக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் மூத்தது வாயேஜர் 1.

1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய கலம் அது. 2023 நவம்பரில் உளறத் தொடங்கியது. அலை வந்துகொண்டிருந்தது, அதில் பொருள் இல்லை. பூஜ்யமும் ஒன்றும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. அப்போது பூமியிலிருந்து அதன் தொலைவு கிட்டத்தட்ட 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை ஒளியின் வேகத்தில் போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. இன்று கேட்டால் நாளை மறுநாள்தான் பதில். 2024 மார்ச் தொடக்கத்தில் பொறியாளர்கள் ஒரு கட்டளையை அனுப்பிக் கணினியைச் சற்றுச் சீண்டிப் பார்த்தார்கள். வந்த பதிலும் புரியாத எழுத்தாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவிழ்த்துப் பார்த்த ஒரு பொறியாளர், கணினி தன் நினைவகம் முழுவதையும் அப்படியே அனுப்பியிருக்கிறது என்று கண்டுகொண்டார். பழைய பதிவோடு ஒப்பிட்டபோது நோய் தெரிந்தது. ஒரு சில்லு செத்துவிட்டது, நினைவகத்தில் மூன்று சதவீதம் போய்விட்டது. அளவீடுகளைக் கட்டி அனுப்பும் நிரலின் ஒரு பகுதி அதில்தான் இருந்தது.

சில்லை மாற்ற முடியாது. நிரலை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்றால், அதை முழுதாக வைக்க நினைவகத்தில் எங்குமே இடமில்லை. அதனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, காலியாக இருந்த மூலைகளில் ஒவ்வொன்றாகச் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்து வேலை செய்யும்படி திருத்தினார்கள். முதல் துண்டை ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதங்களில் முதல் முறையாக, கலம் தன் உடல்நிலையைப் புரியும்படி சொன்னது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்தக் குழு ஆரவாரம் செய்யும் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஐந்து மாதமும் நான் காத்திருந்திருந்தேன், அதனால்தான்.

மகளுக்கும் அப்படிக் காத்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு பைனாகுலரும் நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். வியாழன் கோள் தெரியும் நாட்களில், முழங்கையைச் சுவரில் ஊன்றி நடுங்காமல் பிடித்துப் பார்த்தால், அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் மங்கலாகச் சில புள்ளிகள் தெரியும். நான் முதல் தடவை பார்த்தபோது மூன்று இருந்தன. மறுநாள் நான்கு, இடமும் மாறியிருந்தது. கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று பார்த்ததும் மூன்றைத்தான். முதலில் அவற்றை விண்மீன்கள் என்றே நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாற மாற, அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று தன் எண்ணத்தைத் திருத்திக்கொண்டார். அவர் முதலில் நினைத்தது பொய்யா என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

நடுவில் ஒரு வட்டம், பக்கத்தில் பார்த்த புள்ளிகள், கீழே தேதியும் நேரமும். இப்படிச் சில வாரங்கள் வரையட்டும். வரைந்து முடிக்கும்வரை வானத்தைக் காட்டும் செயலியில் பார்க்க வேண்டாம். பிறகு ஒப்பிட்டு எது எந்த நிலவு என்று பெயர் எழுதட்டும். மூன்றரை நாளுக்கு ஒரு முறை வியாழனைச் சுற்றி வரும் புள்ளிதான் யூரோப்பா. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் கிடைத்திருக்கின்றன. 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. திட்டப்படி 2030 ஏப்ரலில் வியாழனை அடையும், பிறகு யூரோப்பாவை 49 முறை நெருங்கிக் கடக்கும். உங்கள் மகளுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது ஆகியிருக்கும்.

அந்தக் கலம் உயிரைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. உயிர் வாழத் தகுந்த இடமா அது என்று பார்க்கத்தான் போகிறது. இதை இப்போதே அவளிடம் சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2030இல் வரப்போகும் தலைப்புகளை அவளே உங்களுக்குத் திருத்திச் சொல்வாள்.