மை பரவுவது ஏன், மஞ்சள் சிவப்பது ஏன்: கைவினைக் காகிதம் குறித்து வாசகர் கேள்விகள்

திருமங்கலத்துக்கு அருகே ஒரு சிறு பட்டறையில் பருத்திக் கந்தலிலும் வாழை நாரிலும் காகிதம் செய்து வருகிறேன். அந்தக் காகிதத்துக்கு நிறமேற்றுவதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, எட்டுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் மையைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் குறை பல நேரம் தாளில் இருக்கிறது, சில நேரம் தண்ணீரில் இருக்கிறது.

கையால் செய்த தாளில் பவுண்டன் பேனாவால் எழுதினால், ஒவ்வோர் எழுத்தும் சிலந்திக் கால்களைப் போல நாற்புறமும் பரவுகிறது. மூன்று வகை மைகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். இதற்கு ஏற்ற மை எது? (வாசகி, செல்லூர்)

நான்காவது மையை வாங்க வேண்டாம். செல்லூரில் இருக்கும் உங்களுக்குத் தறியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். கஞ்சி போடாத பாவு நூலை யாரும் தறியில் ஏற்றுவதில்லை. தாளுக்கும் அப்படியொரு கஞ்சி உண்டு. பருத்தி நார் இயல்பாகவே நீரை உறிஞ்சும். நார்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள், விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போல, மையைத் தம் போக்கில் இழுத்துச் செல்கின்றன. ஆலைத் தாளில் இந்த இடைவெளிகளை அடைப்பதற்கான பொருளை, நாரை அரைத்த கூழிலேயே கலந்துவிடுகிறார்கள். உங்கள் தாளில் அது கலக்கப்படவில்லை என்று தோன்றுகிறது.

தாளின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கிவிட்டால் அது கஞ்சி ஏறாத தாள். ஒரு நிமிடமாவது மணிபோல மேலே நின்றால் எழுதுவதற்கு ஏற்ற தாள். கஞ்சி ஏறாத தாளை ஜெலட்டின் கரைசலால் சரிசெய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு மெல்லச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பசைத்தன்மை குறைந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் அகலமான தூரிகையால் தாளின் இரு பக்கமும் தடவி, கொடியில் தொங்கவிட்டு, முழுவதும் உலர்ந்தபின் பலகைக்கு அடியில் வைத்து அழுத்தினால் போதும்.

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. கோயில் காரியங்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் அதைத் தவிர்க்க நினைப்பவர்கள், லிட்டருக்கு 30 கிராம் அளவில் கூவைக் கிழங்கு மாவைக் காய்ச்சித் தடவலாம். இது ஜெலட்டின் அளவுக்கு ஈரத்தைத் தாங்காது. ஐப்பசி மழைக் காலத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலக்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது நச்சு, பிள்ளைகள் கையாளும் தாளில் அதைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம். கடையில் வாங்கிய தாளில் மஞ்சளாகவே இருக்கிறது. நாங்களே வாழை நாரில் செய்த தாளில் மட்டும் செங்கல் நிறமாக மாறிவிட்டது. மஞ்சளில் கலப்படமா? (வாசகர், சோழவந்தான்)

மஞ்சளின் மேல் பழி இல்லை. ஆலம் கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கிறதே, உங்கள் தாளிலும் அதுவேதான் நடந்திருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவந்துவிடும். வாழை நாரை வேகவைக்கக் காஸ்டிக் சோடா போட்டிருப்பீர்கள். கூழைப் போதுமான அளவு அலசாததால் அந்தக் காரம் தாளிலேயே தங்கிவிட்டது. அத்தகைய தாளில் வேறு பல சாயங்களும் நிறம் மாறும்.

இதையே ஒரு சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலசலுக்குப் பிறகும் கூழ்நீரில் ஒரு துண்டைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். துண்டு சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும்வரை அலச வேண்டும். என் பட்டறையில் பெரும்பாலும் ஐந்தாறு அலசல்களுக்குப் பிறகுதான் அது நிற்கிறது.

சங்குப்பூச் சாற்றால் வாழ்த்து அட்டைகள் வரைந்தேன். முதல் நாள் அழகான நீலம். ஒரு மாதத்தில் சாம்பல் நிறம். நீலம் நிலைக்க என்ன சேர்க்க வேண்டும்? (கல்லூரி மாணவி, மேலூர்)

எதைச் சேர்த்தாலும் நெடுநாள் நிலைக்காது. சங்குப்பூ, செம்பருத்தி போன்ற பூக்களின் நிறம் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. வெளிச்சம் அதைச் சிதைத்துவிடும். அமிலம் பட்டால் சங்குப்பூவின் நீலம் ஊதாவுக்குப் போகும், காரம் பட்டால் பச்சைக்குப் போகும். எலுமிச்சைச் சாற்றால் கோடிழுத்து வேடிக்கை காட்டலாம். சுவரில் மாட்டிவைக்கும் வேலைக்கு அது உதவாது.

நிலைக்கும் நீலம் வேண்டுமென்றால் அவுரியிலிருந்து பிரித்தெடுத்த நீலக்கட்டியை வாங்கி, நுண்ணிதாக அரைத்து, பிசின் நீரில் குழைத்துப் பயன்படுத்துங்கள். முடிக்குத் தடவ விற்கும் அவுரிப் பொடி வெறும் இலைப்பொடி. அதைக் குழைத்தால் உங்களுக்குக் கிடைப்பது பச்சைச் சேறுதான்.

மாதுளைத் தோலை வேகவைத்துச் சாயம் எடுத்தால், அம்மா வீட்டில் நல்ல மஞ்சள் வருகிறது. இங்கே அதே தோல், அதே தாள், ஆனால் அழுக்குப் பச்சையாக வருகிறது. (வாசகி, ஒத்தக்கடை)

உங்கள் வீட்டு போர் தண்ணீரில் இரும்பு இருக்கலாம், அல்லது நீங்கள் இரும்புச் சட்டியில் வேகவைத்திருக்கலாம். மாதுளைத் தோலில் துவர்ப்பைத் தரும் டானின் நிறைய உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில், கேன் தண்ணீர் ஒரு பங்கும் போர் தண்ணீர் ஒரு பங்குமாகத் தனித்தனியே வேகவைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்த அழுக்குப் பச்சையை நான் வெறுப்பவன் அல்லன். பழைய பித்தளைக் களிம்பைப் போன்ற அந்த நிறத்துக்காகவே சில நேரம் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வேகவைப்பதுண்டு.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்தோம். கருமையாக நன்றாகவே இருந்தது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் எழுத்தைச் சுற்றித் தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் உடைகிறது. எங்கே தவறினோம்? (ஆசிரியர், உசிலம்பட்டி)

மேலே மாதுளைத் தோலுக்குச் சொன்ன அதே இரும்பும் டானினும்தான் இங்கும் வேலை செய்கின்றன. அங்கே தற்செயலாக நடந்ததை நீங்கள் திட்டமிட்டுச் செய்திருக்கிறீர்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காய்ச் சாற்றுடன் கலந்தவுடன் எழுதினால் எழுத்து வெளிறியே தெரியும். காற்றிலுள்ள ஆக்சிஜன் படப்பட, கண்ணெதிரிலேயே அது கறுத்துக்கொண்டு வரும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சுவையான பாடம் கிடைப்பது அரிது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஆவணங்களை எழுதியது இந்த இனத்தைச் சேர்ந்த மையால்தான். அவற்றுள் பல இன்று எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து நிற்கின்றன.

காரணங்கள் இரண்டு. இந்த வேதிவினையில் அமிலம் உண்டாகிறது. அது செல்லுலோஸ் நாரை அரிக்கிறது. டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பும் நாரின் சிதைவை விரைவுபடுத்துகிறது. ஆகவே அன்னபேதியைக் கைநிறைய அள்ளிப் போடுவதுதான் முதல் தவறு. எடையில் கடுக்காய் மூன்று பங்குக்கு அன்னபேதி ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறைத்தாலும் குற்றமில்லை. தாளின் கூழில் சிறிது சாக்பீஸ் மாவைச் சேர்த்தால் (கால்சியம் கார்பனேட் உள்ளதாகப் பார்த்து, ஜிப்சத்தில் செய்தவை பயன்படா) அது அமிலத்தை ஓரளவு ஈடுகட்டும். இரும்பு நிப்பையும் இந்த மை அரிக்குமாதலால், எழுதியவுடன் கழுவிவிட வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய எழுத்துக்கு நான் விளக்குக் கரியையே நம்புகிறேன். எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரியைத் தேய்த்து எழுத்தைத் துலக்கிய நம் முன்னோரின் வழியும் அதுதான். கரி வெளிச்சத்தில் வெளிறாது, தாளை அரிக்காது. நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண் ஓட்டைக் கவிழ்த்துச் சேர்த்த புகைக்கரியை முதலில் சில சொட்டு வேலம்பிசின் நீரோடு சேர்த்துக் கல்லில் அரைக்க வேண்டும். கரி எண்ணெய்ப் பசையால் நீரோடு ஒட்டாமல் மிதக்கும். அரைமணி நேரம் அரைத்தபின்தான் இணங்கிவரும். இதைப் பவுண்டன் பேனாவில் ஊற்றக்கூடாது, அடைத்துவிடும். தொட்டெழுதும் பேனாவுக்கோ தூரிகைக்கோ பயன்படுத்துங்கள்.

பூவிதழ் பதித்த தாளில் வீட்டு பிரிண்டரிலேயே அழைப்பிதழ் அச்சிடலாமா? (வாசகர், அண்ணா நகர், மதுரை)

ஐம்பது படிகள் என்றால் செய்து பாருங்கள். ஐந்நூறு என்றால் வேண்டாம். இன்க்ஜெட் பிரிண்டரில் இரண்டு வகை மை உண்டு. சாய மை தண்ணீரில் கரையும்; நிறமி மை கரையாமல் தாளின் மேலேயே தங்கும். பல மாடல்களில் கறுப்பு மட்டும் நிறமியாகவும் மற்ற நிறங்கள் சாயமாகவும் இருப்பதுண்டு. இது தெரியாமல் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசித் திருமணத்துக்கு இருநூறு அழைப்பிதழ்களை நானே அச்சிட்டுக் கொடுத்தேன். தூறலில் நனைந்த பையிலிருந்து எடுத்தபோது மணமகளின் பெயர் மட்டும் இளஞ்சிவப்பாகக் கரைந்து வழிந்திருந்தது. பெண்ணின் தாத்தா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய வேட்டியால் ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

லேசர் பிரிண்டர் டோனர் என்ற மைப்பொடியைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தாளோடு ஒட்டுகிறது. சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் அது சரியாகப் பிடிக்காது. துருத்தி நிற்கும் இதழ் உருளையில் சிக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கைவினைக் காகிதத்துக்குப் பொருந்துவது. கெட்டியான மை மேடு பள்ளம் பார்க்காமல் படியும். எண்ணிக்கை கூடக்கூடச் செலவும் குறையும்.

கூழிலேயே நிறம் கலந்தால், தாளை எடுத்தபின் பாதி நிறம் தண்ணீரோடு போய்விடுகிறது. (மகளிர் குழு, வாடிப்பட்டி)

பருத்தி நாரும் பெரும்பாலான நிறமித் துகள்களும் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். நடுவில் இருந்து இரண்டையும் சேர்த்துவைக்கப் படிகாரத்திலுள்ள அலுமினியம் உதவுகிறது. உலர்ந்த எடையில் 100 கிராம் கூழுக்கு 2 முதல் 3 கிராம் படிகாரத்தைக் கரைத்து, நிறமியைக் கலந்த பிறகு ஊற்றிக் கால் மணி நேரம் கலக்கிவிடுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்தால் நிறம் நாரைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

சாக்பீஸ் மாவு கலந்த கூழில் படிகாரத்தைப் போடாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று நுரைத்து வீணாகும். உசிலம்பட்டி ஆசிரியருக்குச் சொன்ன தாள் வேறு, உங்களுக்குச் சொல்லும் தாள் வேறு. படிகாரம் மிகுந்தால் தாள் நாளடைவில் மஞ்சளித்து முறியும் என்பதால் அளவைக் கூட்டவும் வேண்டாம். காவிக்கல், கரி போன்றவற்றை இந்த முறையில் ஏற்றினால் ஆண்டுக்கணக்கில் மங்காது. பழைய செய்தித்தாளைக் கூழாக்கினால் சாம்பல் நிறமே வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அச்சு மையின் கரியை எந்த வெளுப்பானும் நீக்காது; அடர்ந்த காவியோ கருநீலமோ ஏற்றி அந்தச் சாம்பலை மறைப்பதே வழி.

நீரின் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றி எடுக்கும் மார்பிளிங்கைச் செய்ய விரும்புகிறேன். அந்த நீரைக் கெட்டியாக்கக் கராகீனன் என்ற கடற்பாசிப் பொருள் வேண்டும் என்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கும் பாசியிலிருந்தே அதை எடுக்கலாமா? (வாசகி, திருப்பரங்குன்றம்)

எடுக்கலாம், ஆனால் வேலைக்கு ஆகாது. மண்டபம் பகுதியில் வளர்ப்பது கப்பாபைகஸ் பாசி. அதிலிருந்து கிடைக்கும் கராகீனன் ஜெல்லி போல உறைந்துவிடும். மார்பிளிங்குக்கோ உறையாமல் கொழகொழப்பாக நிற்கும் வகை தேவை. விற்பவரிடம் லாம்ப்டா வகையா என்று கேட்டு வாங்குங்கள். தாளில் முதல்நாளே நீர்த்த படிகாரக் கரைசலைத் தடவி உலர்த்தாவிட்டால், ஒற்றிய அக்ரிலிக் வண்ணம் கழுவும்போது அப்படியே வழிந்துவிடும். தொடங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈர்க்குச்சியால் ஒருமுறை மட்டும் இழுத்து, தாளை ஒரு மூலையிலிருந்து மெல்லப் படியவிடுங்கள். அடியில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து தள்ளியே செய்ய வேண்டும்.