கழுத்து வலியோட வாழ்றதா, ஆபரேஷன் பண்ணிக்கறதா?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு, ஸ்கூல் டீச்சர். மார்பு ரொம்ப பெருசா இருக்கறதால கழுத்து, தோள்பட்டை, முதுகு எல்லாம் தீராத வலி. சைஸ் குறைக்கற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. "கல்யாணம் ஆகாத பொண்ணு, அழகுக்காக உடம்புல கத்தி வைக்கணுமா"னு அம்மா அழறாங்க. பண்ணிக்கிட்டவங்க நிஜமாவே சந்தோஷமா இருக்காங்களா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இருக்காங்கம்மா. பெரும்பாலானவங்க ரொம்பவே சந்தோஷமா இருக்காங்க, பிளாஸ்டிக் சர்ஜரியில பேஷண்ட்ஸ் இவ்ளோ திருப்தியா பேசற ஆபரேஷன் கம்மி. இதை அளக்கறதுக்குன்னே 2009-ல பிரெஸ்ட்-கியூனு ஒரு கேள்வித்தாள் வந்துச்சு, டாக்டர் பார்த்து மார்க் போடறது இல்ல, வலி எப்படி, டிரஸ் போட்டா எப்படி இருக்கு, நாலு பேர் முன்னாடி தைரியமா நிக்க முடியுதா, தாம்பத்யம் எப்படினு பேஷண்ட்டே ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பதில் எழுதறது. பல நாட்டு ஆய்வுகள்ல எல்லாத்துலயும் மார்க் நல்லா ஏறியிருக்கு. தையல் ஆற லேட்டானவங்க கூட பெரும்பாலும் திருப்தியாத்தான் சொல்லியிருக்காங்க, "இன்னும் முன்னாடியே பண்ணியிருக்கலாம்"ங்கறதுதான் அவங்க அடிக்கடி சொல்ற வார்த்தை.

அம்மா அழகுக்காகன்னு நினைக்கறாங்க. பிரா ஸ்ட்ராப் அழுத்தி தோள்ல விழுந்த பள்ளத்தையும், வெயில் காலத்துல மார்புக்கு அடியில வேர்த்து புண்ணாகறதையும் நீ அவங்ககிட்ட காட்டியிருக்கியா? வெக்கப்பட்டு மறைச்சிருப்பே, நம்ம வீடுகள்ல அப்படித்தான், துப்பட்டாவுக்கு ரெண்டு பின் குத்திக்கிட்டு தைலம் தேய்ச்சு தேய்ச்சே வருஷம் ஓடிடும். அமெரிக்காவுல 2002-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ஸ்பெஷல் பிரா, பிசியோதெரபி, எடை குறைக்கறது, மாத்திரை இதெல்லாம் நிரந்தரமா வலியை தீர்க்கல, ஆபரேஷன்தான் தீர்த்துச்சுனு பார்த்தாங்க, அதுலயும் அந்த பலன் கிடைக்க எவ்ளோ கிராம் சதை எடுத்தாங்கங்கறதை விட முன்னாடி எவ்ளோ கஷ்டப்பட்டாங்கங்கறதுதான் முக்கியமா இருந்துச்சு. இதுல எங்கம்மா அழகு வந்துச்சு?

ஆனா முழுசா தெரிஞ்சுக்கிட்டு போ. தழும்பு நிச்சயம் இருக்கும், காம்பைச் சுத்தி ஒரு கோடு, அங்கிருந்து கீழ ஒரு கோடு, நிறைய எடுக்கணும்னா மார்புக்கு அடியிலயும் ஒரு கோடு. முதல்ல சிவப்பா தடிப்பா இருக்கும், ஒரு வருஷம் போல ஆகும் மங்கறதுக்கு. காம்புல உணர்ச்சி குறையலாம், பலருக்கு மாசக்கணக்குல திரும்பும், சிலருக்கு திரும்பாது. அப்புறம் தாய்ப்பால், அம்மாவோட பயத்துல நியாயமான பாதி இதுதான்னு நான் நினைக்கறேன். காம்பை கீழ இருக்கற திசுவோட ஒட்டியே வச்சு பண்ற முறையில பலர் பால் கொடுத்திருக்காங்க, ஆனா பத்தாம போகவும் வாய்ப்பு இருக்கு, காம்பை தனியா எடுத்து ஒட்டற முறைன்னா பால் கொடுக்க முடியாது. உனக்கு எந்த முறைனு டாக்டர்கிட்ட நேரடியா கேளு. கர்ப்பமானா, எடை ஏறினா சைஸ் மறுபடி மாறலாம், அதனால சிலர் குழந்தை பெத்துட்டு பண்ணிக்கறாங்க. அது ஒரு வழி. ஆனா வரனே அமையாம வலியோட எத்தனை வருஷம் காத்திருக்கறதுங்கற கேள்வியையும் அம்மா முன்னாடி வை.

பண்றதா முடிவெடுத்தா மே லீவுல வச்சுக்கோ, ரெண்டு மூணு வாரத்துல நடமாட்டம் சகஜமாயிடும், ஆனா ஆறு வாரம் வரைக்கும் குடத்தைத் தூக்கறது, மாவு கிரைண்டர் கல்லைத் தூக்கறது எதுவும் கூடாது. ஈரோடு வெயில்ல டைட்டான சப்போர்ட் பிரா ராத்திரி பகலா போட்டுக்கறது எரிச்சலாத்தான் இருக்கும், மாத்திக்க ரெண்டு மூணு வாங்கி வை. சுகர் இருந்தா முதல்ல கன்ட்ரோலுக்கு கொண்டு வா, புண் ஆற அது முக்கியம்.

டாக்டர் எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி முடிச்சவங்களானு பாரு. இன்சூரன்ஸ்காரங்க காஸ்மெட்டிக்னு சொல்லி தட்டிக் கழிக்கப் பார்ப்பாங்க, அதனால எலும்பு டாக்டர், பிசியோ கொடுத்த சீட்டெல்லாம் சேர்த்து வச்சு, அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே எழுத்துல பதில் வாங்கிடு. செலவு பயமா இருந்தா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மெண்ட்ல விசாரி. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போ, தழும்பு, கல்யாணம், பால்னு அவங்களுக்கு இருக்கற சந்தேகத்தை எல்லாம் அவங்க வாயாலயே கேக்கட்டும்.