விளக்கமறியல் தண்டனை அல்ல

கேள்வி: இந்திய மீனவர்களை இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றம் '14 நாட்கள் விளக்கமறியலில் வைத்தது' என்று உங்கள் இதழில் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் மறியல் என்றால் சாலை மறியல், ரயில் மறியல். அது என்ன விளக்கமான மறியல்? '14 நாள் சிறைத் தண்டனை' என்று எல்லோருக்கும் புரியும்படி எழுதினால் குறைந்தா போவீர்கள்?
(இராமநாதபுரம் வாசகர்)

பதில்: எழுதமாட்டோம். எழுதினால் பொய் எழுதியவர்கள் ஆவோம்.

அந்த மீனவர்கள் குற்றவாளிகள் என்று அதுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் சந்தேகநபர்கள். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. நீதவான் அவரைப் பிணையில் விடலாம். விடாவிட்டால், வழக்கு நடக்கும் வரை சிறைச்சாலைப் பொறுப்பில் வைக்கக் கட்டளையிடுவார். அந்தக் கட்டளைக்குப் பெயர்தான் விளக்கமறியல். தமிழ்நாட்டில் நீங்கள் 'நீதிமன்றக் காவல்' என்றும் 'ரிமாண்ட்' என்றும் சொல்வது இதைத்தான்.

14 நாள் என்பது அடுத்த தவணை, அதாவது வழக்கு அடுத்து அழைக்கப்படும் நாள், வரையிலான இடைவெளி. அன்று மீண்டும் மன்றில் முற்படுத்துவார்கள். விளக்கமறியல் நீடிக்கப்படலாம், பிணை கிடைக்கலாம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே தீர்ப்பும் வரலாம். 'மீனவர்களுக்கு 14 நாள் சிறை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டால், பாம்பனில் இருக்கும் தாய் பதினைந்தாம் நாள் மகன் வந்துவிடுவான் என்றுதான் நாள் எண்ணுவார். நீடிப்பு உத்தரவு வரும்போது அவருக்கு அது இரண்டாவது தண்டனையாகத் தெரியும். அந்தத் தலைப்பை எழுதியவருக்கு இதில் பொறுப்பு உண்டு.

இலங்கை அரசியலமைப்பின் 13(4) ஆம் உறுப்புரை, புலனாய்வோ வழக்கு விசாரணையோ முடியும் வரை ஒருவரைக் காவலில் வைத்திருப்பது தண்டனை ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது. அடுத்த 13(5), குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்கிறது. விளக்கமறியலில் இருப்பவர் தன் சொந்த உடையில் இருக்கலாம்; 'ஜம்பர்' என்ற சிறை உடை தண்டனை பெற்றவருக்கு உரியது. பிணை கொடுப்பது வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மேல் நீதிமன்றம் காரணம் கண்டால் இன்னுமொரு 12 மாதம் வரை நீடிக்கலாம் என்கிறது அதே சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டமும், பிணைக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கும் பிற சட்டங்களும் இதற்குள் வாரா. அங்கேதான் பலர் ஆண்டுக்கணக்கில் அகப்பட்டுப் போனார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மறித்தல் என்றால் தடுத்தல். ஈழத்தில் ஊர்ப்பேச்சிலேயே மறியல் என்றால் சிறை. 'அவர் மறியலிலை இருக்கிறார்' என்றால் கேட்பவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நீதிமன்றத் தமிழில் விளக்கம் என்பது வழக்கு விளக்கம், சாட்சிகளை விசாரித்து நடத்தும் விசாரணை. வழக்கு விளக்கத்துக்காக மறித்து வைப்பது விளக்கமறியல். நோக்கத்தையும் நிலையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் நல்ல தமிழ் இது; விட்டுக்கொடுக்க மாட்டோம். 1921 இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல் போன்ற போராட்டங்கள் வழியாகப் பரவிய பொருள் உங்களிடம் நிலைத்துவிட்டது. அதுவும் சரியான பொருள்தான். இங்கும் போராட்டச் செய்திகளில் அது புழங்குகிறது.

ஆனால் எல்லா அடைப்பும் விளக்கமறியல் ஆகிவிடாது. 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலை மறித்துச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஏப்ரலில் அவசரகால நிலை வந்தது. தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தார்கள். நீங்கள் சொல்லும் மறியலை அவர்கள் செய்தார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது விளக்கமறியல் அல்ல, தடுப்புக்காவல். நீதவானின் கட்டளையால் வருவது விளக்கமறியல், நிர்வாகத்தின் ஆணையால் வருவது தடுப்புக்காவல். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அமைச்சரின் ஆணையால் ஒருவரை 18 மாதங்கள் வரை அப்படி வைத்திருக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25, 27 ஆம் திகதிகளில் கொல்லப்பட்ட 53 தமிழர்களில் தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் பலர் எந்தத் தீர்ப்பும் காணாதவர்கள். அவர்கள் எல்லோரையும் 'தண்டனைக் கைதிகள்' என்று எழுதுகிறவர், இல்லாத தீர்ப்பொன்றைச் செத்தவர்கள் மீது எழுதுகிறார்.

மீனவர் செய்திகளில் இன்னொரு சொல்லும் தவறாகப் போகிறது: 'விடுதலை'. பல வழக்குகளில் நடப்பது இது. மீனவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார். மன்று உதாரணமாக 6 மாதச் சிறை விதித்து, அதை 5 வருடங்களுக்கு ஒத்திவைக்கும். அவர் சிறைக்குப் போகாமல், குடிவரவுத் திணைக்களத்தின் தடுப்பு முகாம் வழியாக நாடு திரும்புவார். இங்கேதான் உண்மையான தண்டனை இருக்கிறது, அது உயிரோடும் இருக்கிறது. அந்த 5 வருடத்துக்குள் மீண்டும் எல்லை தாண்டிப் பிடிபட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டால், ஒத்திவைத்த 6 மாதமும் நடைமுறைக்கு வரும். புதிய குற்றத்துக்கான தண்டனையும் சேரும். 'விடுதலை' என்று மட்டும் வாசித்தவர்கள் அடுத்த பருவத்தில் அதே ஆளை அதே படகில் அனுப்புகிறார்கள். தீர்ப்பு இல்லாத இடத்தில் தண்டனை என்றும், தண்டனை உள்ள இடத்தில் விடுதலை என்றும் எழுதுவதால் அகப்படுவது கடலுக்குப் போகிறவர்தான்.

ஆகவே உங்கள் ஊரில் யாராவது இங்கே பிடிபட்டால், எத்தனை நாள் தண்டனை என்று கேட்காதீர்கள். எந்த மன்று, வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணை எந்தத் திகதி, முன்பு ஒத்திவைத்த தண்டனை ஏதும் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் (வழக்கறிஞரிடம்) கேளுங்கள். படகு தனி விவகாரம். ஆட்கள் வீடு திரும்பிய பிறகும் அந்த வழக்கு நடக்கும். உரிமை கோரப் படகின் சொந்தக்காரர் பதிவுப் பத்திரங்களோடு மன்றுக்கு வர வேண்டியிருக்கும். அந்தத் தவணையைத் தவறவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடலாம்.